ஆயில் மீட்டருக்கு ஒரு ரிஜிஸ்டர்

நாலு பேர் சேர்ந்து ஒரு கார் வாங்கினால், அது யார் கார் என்ற கேள்வி எப்படியும் வரும். பால்ராஜ் அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கவில்லை. வாங்கிய அன்றைக்கே முன் சீட்டின் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம். கார், பதினாறு வயதான அம்பாசடர். வாங்கிய நாலு பேரும் ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன்காரர்கள். பால்ராஜ் சீனியர். பாஸ்கரனிடம் மட்டும்தான் லைசென்ஸ் இருந்தது, ஆகவே அவர் ஓட்டினார். பின்னால் கஜபதியும் அய்யாசாமியும். குமணன்சாவடிக்குப் பின்னால் வயலைப் பிளாட் போட்டு விற்ற நகரில் நாலு பேருக்கும் சொந்த வீடு. அங்கே இருந்த முப்பத்திரண்டு வீடுகளும் அதே தொழிற்சாலைக்காரர்களுடையவைதான். தொழிற்சாலை பஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. டவுன் பஸ்ஸில் பூந்தமல்லி போய், அங்கே இன்னொன்று மாறி, ஆவடி போய்ச் சேர்வதற்குள் சட்டையைப் பிழிந்து காயப்போட வேண்டியிருக்கும். அதனால்தான் கார்.

இருபது வருஷமாக அவர்கள் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்று. அடுத்தவன் செய்ததைப் பார்ப்பது. பார்த்து, அளவெடுத்து, எழுதி, கையெழுத்துப் போடுவது. ஸ்பேனரைத் தொடக் கூடாது. தொட்டால் அது வேறு செக்‌ஷன் வேலை. அளவு சரியாக இருந்தால் பச்சைப் பெயிண்டில் ஒரு புள்ளி. பச்சை வைத்த சாமான் அன்றைக்கே ஷாப்பைவிட்டு வெளியே போக வேண்டும். சரியில்லையென்றால் சிவப்பு. சிவப்பு வைத்தது சரியாகும்வரை ஷாப்பைவிட்டு நகரக் கூடாது. மூன்றாவதாக ஒரு நிலைமை உலகத்தில் இருப்பதாக பால்ராஜ் நம்பவில்லை. வீடு கட்டும்போது ஆசாரி செய்த வாசக்காலில் அவர் வைத்த பச்சைப் புள்ளி இன்னும் இருக்கிறது. சமையலறை ஜன்னலில் சிவப்பு வைத்தார். ஆசாரி இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அந்த நகருக்குத் திரும்பும் மெயின் ரோட்டு முனையில், ஒரே ஒரு கார் நிற்கக்கூடிய தகரக் கொட்டகையில், துலுக்கானம் ஒர்க்‌ஷாப் போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பதினேழு வருஷம் பூந்தமல்லியில் நிஜாமுதீன் பாய் பட்டறையில் கூலிக்கு வேலை. பாய் கெட்டவர் இல்லை. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்தவன் துலுக்கானம், வண்டிக்காரர்கள் வாயில் இருந்த பெயர் பாயுடையது. கிளம்பும்போது பாய் அவன் தோளைத் தட்டி, "போய்ப் பாரு. ஆவலன்னா வந்துடு. ஒன் ஸ்பேனரு இங்கயேதான் தொங்கும்" என்றார். பாசமாகத்தான் சொன்னார். துலுக்கானத்துக்கு ராத்தூக்கம் போனது அந்த வார்த்தையில்தான். முப்பத்திரண்டு வீட்டு ஸ்கூட்டரும் மொபெட்டும் நாலைந்து காரும் தன் கொட்டகைக்கு வந்தால் நிலைப்பான். வராவிட்டால் மறுபடியும் அந்த ஸ்பேனர். அந்த நகரில் எந்தக் கொத்தனார், எந்தப் பால்காரர், எந்த டாக்டர் என்று முடிவு செய்பவர் பால்ராஜ். அதனால் அம்பாசடர் அவன் கொட்டகைக்குள் நுழைந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கற்பூரம் காட்டாததுதான் குறை.

பால்ராஜ் துணி சுற்றி ஒரு சாமானை எடுத்துவந்திருந்தார். மூன்று வாரம் புதுப்பேட்டையில் அலைந்து வாங்கிய ஆயில் பிரஷர் மீட்டர். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், பூஜ்யத்திலிருந்து நூறு பவுண்டு வரை. இஞ்சினுக்குள் ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று முள் காட்டும். பஸ்ஸில் கூட்டம் இடித்துவிடாமல் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்.

"டாஷ்போர்டுல ஒரு சிவப்பு லைட்டு இருக்கு துலுக்கானம். அது என்ன சொல்லும்? பிரஷர் இருக்கு, இல்லை. அவ்வளவுதான். எவ்வளவு இருக்குன்னு சொல்லுமா?"

அந்த லைட்டில் பல்பு போய் வருஷக்கணக்காகியிருக்கும். ஒரு பல்பு மாட்டினால் போதும் என்று சொல்ல வந்தவன் வாயை மூடிக்கொண்டான்.

மீட்டரை மாட்டுவதற்கு முன்னால் அதைச் சோதிக்க வேண்டும் என்றார் பால்ராஜ். சோதிக்காத மீட்டர் காட்டுவதை எழுதினால் அது எழுத்தே இல்லையாம். எதில் சோதிப்பது? பக்கத்தில் கலீல் ரகுமானின் பஞ்சர் கடை இருந்தது. அங்கே காற்றடிக்கும் கம்ப்ரசர் இருந்தது, டயர் காற்றைப் பார்க்கும் மீட்டரும் இருந்தது. துலுக்கானம் காற்றுக் குழாய் முனையில் ஆயில் மீட்டரைப் பொருத்தினான். கலீல் காற்றைத் திறந்தார். டயர் மீட்டரில் முப்பது. ஆயில் மீட்டரிலும் முப்பது. இன்னும் கொஞ்சம் திறந்தார். நாற்பத்தைந்து, இதிலும் நாற்பத்தைந்து. பால்ராஜ் மண்ணில் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அரை பவுண்டு குறைகிறதே என்றார்.

"முள்ளு மேல ஈ உக்காந்துகீது சார்" என்றார் கலீல்.

கண்ணாடிக்கு உள்ளே ஈ எப்படிப் போகும் என்று பால்ராஜ் கேட்கவில்லை. கையால் விசிறினார். பிறகு சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

மாட்டுகிற வேலை துலுக்கானத்துக்கு அரை நாள் பிடித்தது. இஞ்சின் பக்கவாட்டில் அந்தச் சிவப்பு லைட்டின் பழைய சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் பித்தளை நிப்பிள் ஏற்றினான். ஆயில் கசியாமலிருக்க மரையில் நூல் சுற்றி ஷெல்லாக் பசை தடவினான். அதிலிருந்து மெல்லிய செம்புப் பைப். இஞ்சின் ஆடும், பாடி ஆடாது. பைப்பை விறைப்பாக இழுத்து மாட்டினால் ஒரே மாதத்தில் வெட்டுப்பட்டுப்போகும். அதனால் ஒரு குழாய்த் துண்டின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, சுருள் மாதிரி விட்டான். இஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் தகரத்தில் கைத்துரப்பணத்தால் ஓட்டை போட்டான். பதினாறு வருஷத்துக் கெட்டித் தகரம். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியது. ஓட்டை விளிம்பு பைப்பை அறுக்காமலிருக்க, கலீலிடம் கிழிந்த டியூப் துண்டு வாங்கி வாஷர் வெட்டிப் போட்டான். இத்தனையும் நடக்கும்போது நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவரும் ஒரு டார்ச்சைக்கூடப் பிடிக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் இல்லை. அது அவர்கள் வேலை இல்லை.

இஞ்சினைக் கிளப்பியதும் முள் துள்ளி எழுந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் நாற்பத்தைந்து. விட்டால் இருபது. இருபது என்றதும் பால்ராஜ் முகம் வாடியது. நிற்கும்போது அப்படித்தான் இறங்கும், ஓடும்போது இருப்பதுதான் கணக்கு என்று துலுக்கானம் விளக்கினான். பால்ராஜ் பாக்கெட்டிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, தீக்குச்சியால் மீட்டர் ஓரத்தில் பச்சைப் புள்ளி வைத்தார். பிறகு எல்லோரையும் ஏறச் சொன்னார்.

"சாயங்காலம் வரிக்கும் நிக்கட்டும் சார்" என்றான் துலுக்கானம். "சூடேறி எறங்கினா பைப்பு எங்கனா கசியுதா இன்னான்னு தெரிஞ்சிடும்."

"பச்சை வச்சாச்சு. பாஸ் ஆன சாமான் ஷாப்புல நிக்கக் கூடாது."

கஜபதி பாதி குடித்த டீயை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு ஓடிவந்து ஏறினார். வண்டி கிளம்பும்போது துலுக்கானம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே இரண்டடி நடந்தான். பழைய இஞ்சின், ஆயில் குடிக்கும், வாரத்துக்கு ஒருதரம் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள் என்றான்.

"மீட்டர் இருக்கும்போது குச்சி எதுக்குய்யா?"

"மீட்டரு அழுத்தத்த சொல்லும் சார். எவ்ளோ ஆயில் கீதுன்னு குச்சிதான் சொல்லும்."

பால்ராஜ் சிரித்தார். இருபது வருஷம் மீட்டர் பார்த்தவரிடம் மீட்டரைப் பற்றிப் பேசுகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது.

மறுநாளிலிருந்து ரிஜிஸ்டர் ஆரம்பமானது. நீளமான, அட்டை போட்ட நோட்டு. தேதி, நேரம், இடம், ரீடிங், எழுதியவர், சரிபார்த்தவர், குறிப்பு என்று கட்டம் போட்டிருந்தது. வீட்டு முனையில் ஒருதரம், பூந்தமல்லி தாண்டி ஒருதரம், ஆவடி கேட்டில் ஒருதரம். திரும்பும்போதும் அப்படியே. முன் சீட்டிலிருந்து பால்ராஜ் ரீடிங்கைச் சத்தமாகச் சொல்வார். பின்னால் கஜபதி எழுதுவார். அய்யாசாமி முன்னால் எக்கி மீட்டரைப் பார்த்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். பாஸ்கரன் ரோட்டைப் பார்த்து ஓட்டுவார். அவர் மீட்டரைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அது அவருக்கு ஒதுக்கப்படவில்லை.

முதல் வாரம் நகர் முழுக்க அந்த மீட்டரைப் பார்க்க வந்தது. பால்ராஜ் சாயங்காலத்தில் காரை வாசலில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, வந்தவர்களுக்கு முள்ளைக் காட்டினார். கல்யாணமாகி வந்த மருமகளைக் காட்டுகிற மாதிரி, பக்கத்தில் கொஞ்சம் அடக்கமாக நின்றார். யார் மாட்டியது என்று கேட்டவர்களுக்கு துலுக்கானத்தின் பெயரைச் சொன்னார். இரண்டு ஸ்கூட்டரும் ஒரு மொபெட்டும் கொட்டகைக்கு வந்தன. துலுக்கானம் கடன் சொல்லி ஒரு புது ஜாக்கி வாங்கினான். அவன் பெண்டாட்டி லோகநாயகி அதே நகரில் சித்தாள் வேலை செய்துகொண்டிருந்தாள். மண் கூடையை இறக்கும்போதெல்லாம், அந்தக் கார் மீட்டர் என் வீட்டுக்காரர் மாட்டியது என்று மேஸ்திரியிடம் சொல்லிவைத்தாள்.

மூன்று மாதத்தில் நாற்பத்தைந்து நாற்பதானது. பிறகு முப்பத்தைந்து. கஜபதி எழுதினார், அய்யாசாமி சரிபார்த்தார். குறிப்புக் கட்டத்தில் 'கவனிக்கப்பட்டது' என்று போட்டார்கள். முப்பதானபோது 'மீண்டும் கவனிக்கப்பட்டது'. கார் தினமும் இரண்டு தரம் துலுக்கானத்தின் கொட்டகை வழியாகத்தான் போனது. புகை நீலமாக வருவதைப் பார்த்து அவன் கையைத் தூக்கி, ஆயில் ஊற்றினீர்களா சார் என்று கத்துவான். எல்லாம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று பால்ராஜ் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் அவன் ஆயில் டப்பாவோடு ரோட்டில் வந்தே நின்றான். பாஸ்கரன் நிறுத்தவும் செய்தார். ஆனால் பானட்டைத் திறக்க பால்ராஜ் விடவில்லை. காரணம் தெரியாமல் சாமானில் கை வைத்தால் பிறகு காரணமே தெரியாமல் போய்விடும் என்றார். அது அவர்கள் செக்‌ஷனில் சுவரில் எழுதி மாட்டியிருக்கும் வாசகம். ஷிஃப்டுக்கு நேரமானது, போய்விட்டார்கள்.

இருபதானபோது பால்ராஜ் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம் போட்டார்கள். அய்யாசாமி, ஒரு லிட்டர் ஆயில் ஊற்றிப் பார்க்கலாமே என்று ஆரம்பித்தார். யார் ஊற்றுவது என்று கஜபதி கேட்டார். ஊற்றினால் அது ரிப்பேர். ரிப்பேர் செய்தவர் ரீடிங்கைச் சரிபார்க்கக் கூடாது. அப்புறம் சரிபார்ப்பவர் கட்டத்தில் யார் கையெழுத்துப் போடுவது? அய்யாசாமி தன் கட்டத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கடைசியில் மெக்கானிக்கிடம் முறைப்படி விளக்கம் கேட்பது என்று தீர்மானமானது. மூன்று பிரதி எழுதி, ஒன்றைத் தபாலில் போட்டார்கள். கொட்டகை அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் கையில் கொடுத்தால் வாங்கியதற்குச் சாட்சி இருக்காதே.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பருத்திப்பட்டு ஏரி தெரிகிற இடத்தில், பால்ராஜ் "அஞ்சு" என்றார். கஜபதி எழுதினார். ஒரு பர்லாங் போவதற்குள் "பூஜ்யம்" என்றார். அது ரீடிங் எடுக்க வேண்டிய இடம் இல்லையே என்று கஜபதி கேட்டார். முக்கியமான ரீடிங், எழுதிக்கொள் என்றார் பால்ராஜ். இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. குலுங்குகிற வண்டியில் கையெழுத்துக் கோணும் என்பதால், கொஞ்சம் நிறுத்துங்கள் என்று அய்யாசாமி கேட்டுக்கொண்டார். பாஸ்கரன் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னால் வண்டி தானாகவே நின்றது. அதற்கப்புறம் அந்த இஞ்சின் சுற்றவில்லை. அய்யாசாமியின் கையெழுத்து கோணாமல் விழுந்திருந்தது.

ஒரு டெம்போவில் கயிறு கட்டி, காரை துலுக்கானத்தின் கொட்டகைக்கு இழுத்துவந்தார்கள். அன்று மத்தியானம்தான் தபால்காரர் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தார். மேற்படி மீட்டரின் ரீடிங் குறைந்துவருவது கவனத்துக்கு வந்துள்ளது, ஏழு நாளைக்குள் விளக்கம் தரவும் என்று இருந்தது. துலுக்கானம் காருக்கடியில் படுத்தபடியே கலீலை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். கலீல் படித்து முடித்து, "ஏழு நாளு டைம் குடுத்துக்கிறாங்க நைனா. நல்ல மனுசங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் விசாரணைக்கு வந்தார்கள். பால்ராஜ் வந்ததும் பானட்டின்மேல் சிவப்புப் புள்ளி வைத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, மீட்டர் சரியில்லை, மாட்டியதிலும் கோளாறு இருக்கலாம் என்று ஆரம்பித்தார். நகரில் எல்லோரும் கேட்கிறார்கள், ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். 'அவன் மாட்டிய மீட்டரால் இஞ்சின் போச்சு' என்று இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே அவன் பூந்தமல்லி பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டான். அவன் படித்தது ஐந்தாவது. எழுத்து தடுமாறும், எண்கள் தடுமாறாது. கறுத்த விரலை ரீடிங் கட்டத்தில் வைத்து மேலிருந்து கீழே இறங்கினான்.

"இன்னா சார் இது, இருவது. யார் கையெழுத்து?"

"என்னுது" என்றார் கஜபதி.

"கீய?"

"நான்" என்றார் அய்யாசாமி. "சரிபார்த்தவர்."

"பதினஞ்சு. பன்னெண்டு. ஒம்போது. அஞ்சு. எல்லாத்துலயும் நீங்கதான் கீறீங்க. மீட்டரு தெனம் சொல்லிகினேதான் இருந்துகீது சார். தெனம் ஆறுதபா சொல்லிகீது. அது வாய் இல்லாத சாமான், அது இன்னும் இன்னா பண்ணும்? எறங்கி வந்து ஆயில் ஊத்துமா?"

பாஸ்கரன் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, ரீடிங்குக்கும் இஞ்சினுக்கும் ஒத்துப்போகிறது, மீட்டர் மேல் தப்பு சொல்ல முடியாது என்றார். பால்ராஜ் நெடுநேரம் ரிஜிஸ்டரைப் புரட்டினார். கடைசியில் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ரிஜிஸ்டரில் ஒரு நாள்கூட விடுபடவில்லை, ஒரு கையெழுத்துகூடக் குறையவில்லை. மீட்டரும் சரி, ரிஜிஸ்டரும் சரி என்று தீர்ப்புச் சொன்னார். மீட்டர் ஓரத்துப் பச்சைப் புள்ளியின் மேல் இன்னொரு பச்சைப் புள்ளி வைத்தார்.

பெயர் தப்பியது. துலுக்கானம் அன்றைக்குக் கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஆனால் கார் அங்கேயே நின்றது. இஞ்சினை இறக்கட்டுமா என்று கேட்டான். காரணம் முடிவாகாமல் ரிப்பேருக்குப் போகக் கூடாது என்றார் பால்ராஜ். காரணம் என்றால் யாரோ ஒருவர். கஜபதி தான் எழுதியதாகச் சொன்னார், அய்யாசாமி தான் சரிபார்த்ததாகச் சொன்னார், பாஸ்கரன் ஓட்டியதாக, பால்ராஜ் சொன்னதாக. நாலு பேரும் அவரவர் வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்ததால் காரணம் கிடைக்கவில்லை. அப்படியானால் வண்டியை வெளியே தள்ளி நிறுத்தட்டுமா என்று கேட்டான். பால்ராஜ் பானட்டைக் காட்டினார். சிவப்பு வைத்த சாமான் சரியாகாமல் ஷாப்பைவிட்டு நகரக் கூடாது. அதை மீறினால் அவனைப் பற்றி நகரில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லத் தன்னால் முடியாது என்றார்.

ரிஜிஸ்டரை நிறுத்துவதற்கும் தீர்மானம் எதுவும் போடப்படவில்லை. ஆகவே அது தொடர்ந்தது. தினமும் காலையில் ஷிஃப்டுக்கு பஸ் பிடிக்கப் போகிற வழியில் முறை வைத்து ஒருவர் கொட்டகைக்கு வந்தார். கதவைத் திறந்து, சீட்டில் உட்கார்ந்து, முள்ளைப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போனார். இடம் என்ற கட்டத்தில் 'துலுக்கானம் ஒர்க்‌ஷாப்' என்று போட்டார்கள். அவன் கடைப் பெயர் முதன்முதலில் ஒரு நோட்டில் ஏறியது அப்படித்தான்.

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு கார் நிற்கிற இடம். ஆறு வாரம் ஓடியது. மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கிளட்ச் போன ஒரு பியட் வந்து, இடம் இல்லாமல் பூந்தமல்லிக்குப் போனது. நிஜாமுதீன் பாய் பட்டறைக்குத்தான் போயிருக்கும். ஸ்கூட்டர்களை ரோட்டோரம் நனைந்துகொண்டே பார்த்தான். பிளக்கைக் கழற்றினால் சிலிண்டருக்குள் மழை விழுந்தது. லோகநாயகி சோற்றுத் தூக்கோடு வந்தவள், உட்கார இடமில்லாமல் அம்பாசடரின் பின் சீட்டில் உட்கார்ந்து காரையே பார்த்தாள்.

"இது சம்பந்தி வந்து தங்கினா மாதிரி கீதுய்யா" என்றாள். "போன்னும் சொல்ல முடியல, வெச்சிகினு சோறும் போட முடியல. மேஸ்திரி ஊட்டு வண்டிய இட்டாரட்டுமான்னு கேட்டாரு. எங்க நிக்க வெப்பேன்னு கேக்கறாரு. பேசாம பாய் கிட்டயே போயிடு. மாசம் பொறந்தா கூலினா வரும்."

அவன் சோற்றைப் பிசைந்தான். பக்கத்தில் கலீல் ஒரு லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மீட்டரைப் பார்த்து, நாற்பது, நாற்பத்தைந்து என்று லாரிக்காரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். துலுக்கானத்தின் கை சோற்றில் நின்றது.

மறுநாள் காலை, பால்ராஜின் முறை. துலுக்கானம் ஆறு மணிக்கே வந்து பானட்டைத் திறந்தான். இஞ்சினிலிருந்து செம்புப் பைப்பின் முனையைக் கழற்றினான். கலீல் கடையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்துவந்து அதில் மாட்டினான். கலீல் கம்ப்ரசரைத் திறந்துவிட்டு, இது என்ன வேலை என்று கேட்டார். செத்தவனுக்கு ஊசி போடுகிறாயா என்றார். துலுக்கானம் எட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றான். முள் நாற்பத்தைந்தில் வந்து நின்றதும் பைப்பை மடித்துக் குறடால் நசுக்கினான். குழாயைக் கழற்றிய பிறகும் முள் இறங்கவில்லை. மாட்டிய வேலை சுத்தமான வேலை. ஒரு மரையிலும் காற்று கசியவில்லை.

பொய் சொல்வதில்லை என்று மட்டும் மனசில் வைத்துக்கொண்டான். கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடுவது.

ஏழு மணிக்கு பால்ராஜ் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். பின்னால் பாஸ்கரனும் வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ஸுக்குப் போவதாக இருந்தது. பால்ராஜ் கதவைத் திறந்து உட்கார்ந்து, ரிஜிஸ்டரை மடியில் விரித்து, பூஜ்யம் போடப் பேனாவைக் கொண்டுபோனவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாற்பத்தஞ்சு" என்றார்.

"சார், இஞ்சினு ஜாமானது ஆனபடியே கீது" என்றான் துலுக்கானம். "ஓடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"நான் இஞ்சினைக் கேட்டேனா? ரீடிங் என்னன்னு பார்க்கிறேன்."

"ரீடிங்கு நாப்பத்தஞ்சுதான் சார். ஆனா அது வந்து..."

"மீட்டர் பாஸான மீட்டர்தானே? ரெண்டு தடவை பச்சை வச்சிருக்கேன்."

"மீட்டரு கரெக்டுதான் சார். அது பொய் சொல்லாது. உள்ள இன்னா கீதோ அதத்தான் காட்டுது."

"அப்ப வேற என்னய்யா வேணும்?"

பால்ராஜ் காரைவிட்டு இறங்கினார். ஆறு வாரமாக அவருக்கும் தூக்கம் இல்லை என்பது அப்போதுதான் துலுக்கானத்துக்குத் தெரிந்தது. ஷேவ் செய்யாத முகம். நாலு பேரில் ஒருவரைக் குற்றவாளி ஆக்க வேண்டும். ஆக்கினால் நாலு பேரும் ஒரே பஸ்ஸில் எப்படிப் போவது? நாலு வீட்டு மனைவிகளும் ஏற்கெனவே பேசிக்கொள்வதில்லை. ரீடிங் சரியாகிவிட்டால் குறை இல்லை. குறை இல்லாவிட்டால் காரணம் தேட வேண்டியதில்லை. ரிஜிஸ்டரை மூடிவிடலாம்.

பாஸ்கரன் மெதுவாக முன்னால் போய் பானட்டைத் தூக்கிப் பார்த்தார். செம்புப் பைப் முனை அந்தரத்தில் தொங்கியது, வெற்றிலை மடித்த மாதிரி நசுங்கி. துலுக்கானத்தைப் பார்த்தார். துலுக்கானம் முகத்தைத் திருப்பவில்லை. பாஸ்கரன் பானட்டை மூடினார்.

"பச்சை டப்பா கொண்டுவந்திருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டார்.

பால்ராஜ் பாக்கெட்டிலிருந்து டப்பாவை எடுத்தார். சிவப்புப் புள்ளியின்மேல் பச்சை ஏறியது. அவ்வளவுதான். அடுத்த நிமிஷமே அவருக்குப் பழைய அவசரம் வந்துவிட்டது. பாஸ் ஆன சாமான் இன்னும் ஏன் ஷாப்பில் நிற்கிறது என்று கேட்டார். கஜபதியையும் அய்யாசாமியையும் கூட்டிவர ஆள் அனுப்பினார். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் டிபன் கேரியரோடு வந்தார்கள். ரீடிங்கைப் பார்த்தார்கள். ஒருவர் எழுதினார், ஒருவர் சரிபார்த்தார். அந்தக் கையெழுத்துகளைப் போடும்போது இரண்டு பேரும் பானட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

பாஸ்கரன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கஜபதியும் அய்யாசாமியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார்கள். அவர்கள் ஒரு காரில் கை வைத்ததை துலுக்கானம் அன்றைக்குத்தான் பார்த்தான். தள்ளுவது எந்தச் செக்‌ஷன் வேலை என்று யாரும் கேட்கவில்லை. பால்ராஜ் குடையைப் பிடித்துக்கொண்டு இடது பக்க ஜன்னலோடு நடந்தார். நகருக்குள் திரும்பியதும் உள்ளே எட்டிப் பார்த்து, "நாற்பத்தஞ்சு" என்று சொன்னது கொட்டகை வரைக்கும் கேட்டது. தள்ளுவதில் கஜபதிக்குக் கை ஓயவில்லை, எழுத ஆளில்லை.

துலுக்கானம் விளக்குமாற்றை எடுத்து, ஆறு வாரமாகக் கார் நின்ற இடத்தைக் கூட்டினான். எண்ணெய்க் கறையின்மேல் மரத்தூளைப் போட்டான். அந்தப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த லோகநாயகியைக் கூப்பிட்டு, மேஸ்திரி வண்டியை உடனே கொண்டுவரச் சொல் என்றான். அவள் காலியான கொட்டகையைப் பார்த்தாள். ரோட்டில் தள்ளப்படுகிற காரைப் பார்த்தாள். மண் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

கலீல் காற்றுக் குழாயைச் சுருட்டிக்கொண்டே, அந்தக் காற்று எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார்.

"ரெண்டு நாளோ, மூணு நாளோ" என்றான் துலுக்கானம். "எறங்கினா எழுதிக்குவாங்க."

"எழுதிட்டு மறுபடி இங்கதானே தள்ளிகினு வருவாங்க மாமே?"

துலுக்கானம் ரோட்டைப் பார்த்தான். மேஸ்திரியின் பழைய வேன், கதவில் கயிறு கட்டி, இருமிக்கொண்டே வந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு கையையும் ஆட்டி அதை உள்ளே வரச் சொன்னான். வேன் கொட்டகையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது.

"வரட்டும் கலீல் பாய். எடம் எங்க கீது?" என்றான்.